அதே இடம், அதே அளவு

பதினான்கு அங்குல இரும்புக் குழாய், ஒன்பது மைல்.
ஐம்பத்து மூன்றாம் வருஷம் புதைத்தது.
அதைத் தோண்டி எடுத்துவிட்டு
அதே பள்ளத்தில்
பதினான்கு அங்குல பிளாஸ்டிக் குழாய்.
இருந்ததற்குப் பதிலாக இன்னொன்று, அவ்வளவுதான்.
ஆகவே ஆய்வறிக்கை வேண்டாம்,
பொதுக்கூட்டம் வேண்டாம்.
விலக்கு.

அறிவிப்பு ஒரே பக்கம்.
ஐம்பது டாலர் வாங்கிக்கொண்டு
கவுண்டி அலுவலகத்தில் லுவான் பிட்மன்
தேதி முத்திரை குத்தினாள்,
கண்ணாடிப் பலகைக்குள் குண்டூசியால் மாட்டினாள்.
பக்கத்தில் யாரோ தொலைத்த நாயின் படம்.
வரி கட்ட வந்தவர்கள்
நாயை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.
முப்பத்தைந்து நாளில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால்
அப்புறம் யாரும் ஆட்சேபிக்க முடியாது.

என் வேலை சின்னது.
குழாய்த்தடத்தில் நடக்க வேண்டும்,
ஆமை வளை இருந்தால் கொடி நட வேண்டும்,
கடைசியில் ஒரு கடிதம்.
மோஹாவியில் ஏப்ரல், காலை ஆறு மணிக்கே
நிழல் தேடும் வெயில்.
இரண்டாம் மைலில் ஒரு பொந்து,
வாசலில் சிலந்தி வலை, உள்ளே யாருமில்லை.
மூன்றாம் மைலில் சுட்டுப் பழகிய பீர் டின்கள்.
அப்புறம் கிரியோசோட், கிரியோசோட், கிரியோசோட்.
ஐந்தே முக்கால் மைலில்
என் பூட்ஸ் அமிழ்ந்தது.

இரும்பு எங்கோ ஒரு மூட்டில் தளர்ந்திருக்கிறது.
எத்தனை வருஷமாகவோ.
கழுத்தளவு நாணல்.
தேனீக்களின் இரைச்சல்.
காடைகள் ஓடிய கோடு, அதன் குறுக்கே கொயோட் நடந்த கோடு.
சேற்றின் விளிம்பில்
ஓர் ஆமை கழுத்தை நீட்டி, மூக்கை அமிழ்த்தி
குடித்துக்கொண்டே இருந்தது.
பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில்
ஆமை குடிப்பதை நான் பார்த்தது
அது இரண்டாவது தடவை.

சுரங்கத்துக்குப் போன் போட்டேன்.
‘அதனால்தானே மாற்றுகிறோம்’ என்றார் வெய்ன் டகெட்.
‘நிமிஷத்துக்குப் பதினோரு காலன். வீண்.’
அவர் சொன்னதில் தப்பில்லை.
தண்ணீர் ஏறுமிடத்தில்
எலோய் பராசாவின் கிணறு
வருஷத்துக்கு ஒரு முழம் இறங்குகிறது.
அங்கே ஊற்று ஒன்று இருந்ததாம்,
அவர் கைகாட்டிய இடத்தில் உப்புப் பூத்த வட்டம்.
அந்த ஊற்றுதான்
இங்கே வந்து திருட்டுத்தனமாக ஊறுகிறதோ?
யார் பக்கம் பேசுவது என்று
எனக்கே பிடிபடவில்லை.

ஆனாலும் எழுதினேன்:
‘5.75 மைலில் ஈரநிலம், ஏறத்தாழ கால் ஏக்கர்.’
கடிதம் திரும்பி வந்தது.
ஒரே திருத்தம்.
‘ஈரநிலம்’ சிவப்பில் அடிபட்டு
மேலே ‘ஈரமான மண்’.
ஈரநிலம் என்றால் விலக்கு உடைந்துவிடும்.
ஈரமான மண்ணுக்குச் சட்டத்தில் பெயரில்லை,
வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும்.

குழாய் இருந்தது, அதனால் விலக்கு.
கசிவும்தான் இருந்தது.
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் தேடினேன்.
ஏழாம் கேள்வி கேட்டது:
‘தற்போதைய நிலையில் மாற்றம் ஏதும் நேருமா?’
எதன் நிலை?
வீட்டு வாடகை வெள்ளிக்கிழமை.
‘இல்லை’யில் குறி போட்டேன்.
ஈரமான மண் என்று
என் கையாலேயே அடித்துக் கையெழுத்திட்டேன்.

முப்பத்து நாலாம் நாள்
வேறு வேலையாகக் கவுண்டிக்குப் போவதுபோல் போனேன்.
பலகையில் நாயைக் காணோம்.
‘கிடைத்துவிட்டதாம், நெவாடா எல்லையில்,
ஒரு லாரி நிறுத்தத்தில்’ என்றாள் லுவான்
சந்தோஷமாக.
‘இதையும் நாளையோடு எடுத்துவிடுவேன்.
உனக்கு ஏதாவது வேண்டுமா?’

பையில் முதல் பிரதி,
அடித்தல் திருத்தல் இல்லாதது.
பூட்ஸின் தையலில் இன்னும் அந்தச் சேறு,
வெளுத்துப்போய்.
அலுவலகம் ஐந்துக்கு மூடும்.
சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது.
எனக்குப் பின்னால் ஒருவர்
வரிசையில் வந்து நின்றார்.