தட்

கூண்டில் நின்ற வெள்ளைக்காரர் சொன்னார்,
ஒரு தட் கேட்டது.
அவ்வளவுதான். பிறகு தண்ணீர் குடித்தார்.

நான் இந்தக் கோட்டின் முதலியார்.
பதினேழு வருசமாய்
அவர்கள் வாயில் வருவதை இவர்கள் காதில் ஊற்றுகிறவள்.
தட் என்னை நிற்பாட்டிவிட்டது.

தமிழ்க் காதுக்கு அது
தட்டப் போய்ப் பாதியில் கையை இழுத்துக்கொண்ட சொல்.
கதவும் இல்லை, தட்டினவரும் இல்லை.

வழக்கு இதுதான்:
உட்துறைமுக வீதி, இரவு பத்தரை,
ஜவாஹிரின் ஓட்டோ, ஒரு புள்ளிமான்.
பகலில் பஸ் நிலையத்தில்
வாழைப்பழத் தோலுக்கு ஆளை முட்டுகிற அதே மான்.
ஓட்டோ மானில் மோதியதா
மான் ஓட்டோவில் மோதியதா?

நீதவான் பேனையைத் தூக்கியபடி காத்திருந்தார்.

தொப் என்று சொல்லலாம்.
தொப் ஈரமானது, கூடையிலிருந்து வழுகின திருக்கை,
தானாய் விழுவது. ஜவாஹிர் பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவான்.
டமார் தகரத்தின் சொல். அதற்குள் வேகம் இருக்கிறது.
அவனுடைய லைசென்ஸும் இருக்கிறது.
தடால் என்றால் கொஞ்சமாவது உருள வேண்டும்.
டொம்தான் மிகச் சரி.
ஆனால் நாற்பது தாண்டினவர்கள் இருக்கிற மண்டபத்தில்
டொம் என்று நான் சொல்லமாட்டேன்.
எல்லாரும் மூதூர்ப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆங்கிலத்தில் சத்தம் ஒரு பொருள்.
ஒன்று, இரண்டு என்று எண்ணலாம்,
தடயப் பொருள்போல உறையில் போட்டு ஒட்டலாம்.
எங்களிடம் சத்தம் ஓர் ஆள்.
என்று என்பதன் கையைப் பிடிக்காமல் வாசல் தாண்டாது.
தொப்பென்று, சட்டென்று, திக்கென்று
யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.
இதைச் சொன்னது யார், மானா ஓட்டோவா?
அதைத்தானே கோட்டும் கேட்கிறது.

எப்படிப்பட்ட சத்தம் என்று சாட்சியையே கேட்டேன்.
ஊரில் பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவராம்.
கண்ணை மூடினார்.
எதையோ சரிபார்ப்பதுபோல் தலையைச் சரித்தார்.
வலது கையைப் பொத்தி
தன் நெஞ்சில்
ஒருமுறை குத்தினார்.

மண்டபம் முழுக்க விளங்கியது.
தமிழ் தெரியாத கான்ஸ்டபிளுக்கும் விளங்கியது.
ஜவாஹிர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.
மின்விசிறி மட்டும் வழக்குக்குச் சம்பந்தமில்லாமல்
கிறீச், கிறீச்.

தட்டெழுத்துக்கு இருக்கிற ஜெனிற்றா மெல்லக் கேட்டாள்,
அக்கா, இதை எப்படி அடிக்கிறது?

பதிவில் இப்படி இருக்கிறது:
சாட்சி தன் மார்பில் அடித்துக் காட்டினார்.

நாளைக்கு வாசிக்கிற யாரும்
செத்த மானுக்காக
அந்த மனுசன் மாரடித்து அழுதார் என்று நினைக்கக்கூடும்.

பிழை திருத்தும்போது கண்டேன்.
திருத்தவில்லை.