கெட்டுப்போன பிரதிகள்

பனி இறங்கினால் மிஷினுக்குச் சளி பிடிக்கும்.
தாள் நமத்துப்போய்
ஒன்றோடொன்று ஒட்டியபடி உள்ளே நுழைந்து
பாதி வழியில் மடங்கி நின்றுவிடும்.
அதற்காகத்தான் நவ்ஷாட் நானா
தாள்கட்டுக்கு மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறார்.
குஞ்சு பொரிக்கவா என்று கேட்காதவர்
ராகலையில் யாருமில்லை.

டவுன் என்பது
ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே இருப்பது.
ஏறிவரும் பஸ் ஹோர்ன் அடிக்கையில் தொடங்கும்,
கியர் மாற்றும்போது முடிந்துவிடும்.
அதற்குள்தான் கோயில், பள்ளிவாசல், விகாரை,
மூன்று அடகுக் கடை,
தம்புள்ளைக்குப் புறப்படாமல் நிற்கும் லீக்ஸ் லொறி,
லொறிக்கடியில் ஒரு நாய்.
எங்கள் கடையில் அதன் பெயர் டைகர்,
பேக்கரியில் சுது.
இரண்டுக்கும் வாலாட்டும்.

ஆட்களை நான் முதலில் அறிந்தது தாளால்.
முகம் பிறகுதான் வந்தது.
ஒரு வயிற்றில் பிறந்த மூன்று பேருக்குத்
தகப்பன் பெயர் மூன்று விதம்,
எழுதியவரின் காது அப்படி.
முகவரி என்ற கோட்டில்
தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் இருக்கும்.
வீட்டுக்கு எண் இராது.
கடிதம் வந்து ஆபீஸில் கிடக்கும்.
ஞாயிற்றுக்கிழமை கருவாடு வாங்க வந்தால்
யாராவது தெருவின் அந்தப் பக்கமிருந்து கத்துவார்கள்:
"ஒனக்கு ஒரு காயிதம் கெடக்குதாம்!"

போன மாதம் சின்னமூக்கன் அண்ணன்
அடையாள அட்டையை நீட்டினார்.
வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
மழைக்கால ஜன்னல்போல ஒரு சதுரம்.
"பரவாயில்ல பிள்ளை,
ஜிஎஸ் ஐயாவுக்கு என்னயத் தெரியும்"
என்று இருபது ரூபாயை வைத்துவிட்டுப் போனார்.

கெட்டுப்போன பிரதிகளுக்கு ஒரு பெட்டி உண்டு.
அட்டைகளின் பிரதியை நான் கிழித்துவிடுவேன்.
மீதியைச் சாயந்தரம்
பிலோமினாக்கா வடை சுற்ற எடுத்துப்போவாள்.
பஸ்ஸுக்கு நிற்பவர்கள்
கடித்துக்கொண்டே படிப்பார்கள்.
யாருடைய மகளுக்குக் கணக்கில் சி,
எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு பாக்கி,
எல்லாம் எண்ணெய்க் கறையோடு
நுவரெலியா வரைக்கும் போகும்.

அந்தப் பெட்டியில்தான்
நானும் தவறிப்போய் ஒரு தாளைப் போட்டேன்,
பம்பலப்பிட்டியில் ஒரு அச்சகத்துக்கு
யாருக்கும் சொல்லாமல் எழுதிய விண்ணப்பம்,
ஓரம் கறுத்து வந்த முதல் பிரதி.

மறுநாள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காமல் இருந்ததில்தான் தெரிந்தது.
குணதிலக்க முதலாளி பாணைச் சுற்றிக்கொண்டே
"கொழும்புத் தண்ணி சரியில்ல நங்கி,
மாவு கூட அங்க ஒழுங்கா பொங்காது" என்றார்,
காற்றைப் பார்த்து.
கண்டக்டர் ரவீந்திரராசா
மிச்சச் சில்லறையை என் கையில் எண்ணி வைத்தபடி
"ராத்திரி பஸ் எட்டே காலுக்கு.
வலது பக்கம் மூணாவது சீட் வேணாம்,
ஜன்னல் மூடாது."
பிலோமினாக்கா மட்டும்
அன்றைக்கு வடைக்குக் காசு வாங்கவில்லை.
நவ்ஷாட் நானா பல்பைத் துடைத்தார்,
துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது.
ஒரு ஊருக்கு இத்தனை காது எதற்கு?
அந்தக் கோபத்தோடு வடையைத் தின்றேன், சூடாக இருந்தது.

நேற்று பதில் வந்தது.
வியாழக்கிழமை காலை ஒன்பதரை, நேர்முகத் தேர்வு,
மூலப் பத்திரங்களோடு இரண்டு பிரதிகள்.
வெளியே பனி கடைப் படி வரைக்கும் வந்து
உள்ளே வரலாமா என்று நின்றுகொண்டிருந்தது.
மிஷின் இருமவில்லை.
வந்த கடிதத்தை இரண்டு பிரதி எடுத்தேன்.
எழுத்து ஒன்றுகூடக் கலங்காமல்
இரண்டும் சுத்தமாக வந்தன.

ஒன்றைப் பைக்குள் வைத்தேன்.
மற்றதைப்
பெட்டியில் போட்டேன்,
தேதி மேலே தெரியும்படி.