ஆணித் துளைகள்

வீட்டைக் காலி செய்யுமுன்
ஆணித் துளைகளைப் பற்பசையால் அடைக்க வேண்டும்.
வெள்ளைப் பற்பசை. பச்சை வாங்கினால் மாட்டிக்கொள்வாய்.
கட்டைவிரலால் ஒரு வழி வழித்துவிட்டால்
கையுறை போட்டுச் சோதிக்க வரும் சார்ஜண்டுக்கும் தெரியாது
இங்கே யாரோ படம் மாட்டி வாழ்ந்தார்கள் என்று.

சொன்னவள் வெல்டா லிண்ட்குவிஸ்ட்.
கன்சாஸில், லெவன்வொர்த்தில்,
தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் சமையலறையில்,
வீட்டைவிட்டு வரமுடியாதவர்களின் தட்டுகளில்
உருளைக்கிழங்கு மசியலை அள்ளி வைத்தபடி.
கர்னலின் மனைவி. முப்பத்தோரு வருடம், இருபத்திரண்டு வீடு.
இருபத்துமூன்றாவதில்தான் ரோஜா நட்டாள்.

அவளது சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கத்தை
குனிந்து பார்க்கச் சொன்னாள் ஒருநாள்.
சாமான் ஏற்றுகிறவர்கள் ஒட்டிப்போன சீட்டுகள்.
வீஸ்பாடன் ஆரஞ்சு, ஒகினாவா மஞ்சள்,
ஃபேர்பேங்க்ஸ் நீலம், பாதி உரிந்து.
அங்காரா மட்டும் கையெழுத்தில்: 'ஒரு கால் ஆடும்.'
"அதுவரை ஆடவில்லை" என்றாள்.
"எழுதிய பிறகுதான் ஆட ஆரம்பித்தது."

திரைச்சீலைகள் எங்கும் அதே திரைச்சீலைகள்.
மடித்துத் தைத்தது, பிரித்தது, மறுபடி மடித்தது.
உலகத்து ஜன்னல்களின் உயரமெல்லாம்
அதில் கோடு கோடாக நின்றது.
நான்கு மொழியில் அவளுக்கு 'எவ்வளவு' தெரியும்.
'போதும்' இரண்டில்தான்.

அறுபத்தெட்டைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினாள்,
கேரட் நறுக்கிக்கொண்டே.
அப்போது ஜார்ஜியாவில் இருந்தாள். அவள் கணவனும் போர்முனையில்.
குடியிருப்புத் தெருவில் கார் ஒன்று மெதுவாக வந்தால்
புல்வெட்டும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்கும்.
சில நாள் அந்தக் காரின் பின்சீட்டில் அவளே இருந்தாள்.
"பாதிரியார் பேசுவார். எனக்குப் பேச வராது.
நேரே உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவேன்.
ஒரு வீட்டில் அலமாரியில் தனியாக ஒரு கோப்பை,
அடியில் காப்பி காய்ந்து கிடந்தது.
அவன் கிளம்பிய காலையில் குடித்தது,
ஏழு மாதமாக அந்தப் பெண் கழுவாமல் வைத்திருந்தது.
பத்தொன்பது வயது அவளுக்கு.
நான் கழுவிவிட்டேன்."

அன்று தேவைக்கு மேல் கேரட் நறுக்கிவிட்டோம்.

பிப்ரவரியில் மகன் வந்து டக்கோமாவுக்கு அழைத்துப்போனான்.
மேசையின் அடியில் இளஞ்சிவப்பில் இன்னொரு சீட்டு.
அவளால் குனிய முடியவில்லை, நான் படித்துச் சொன்னேன்:
'நல்ல நிலையில் உள்ளது.'
"பொய்" என்றாள், மகிழ்ச்சியாக.

சுவர்களை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன்.
கடையில் வெள்ளை தீர்ந்துபோயிருந்தது.
இப்போது அந்த வரவேற்பறையில்
பதினேழு பச்சைப் புள்ளிகள், புதினா வாசனையோடு.
வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ நினைக்கட்டும்.

அவளுடைய செவ்வாய்க்கிழமை வழித்தடம் எனக்கு வந்தது,
ரப்பர் பட்டை போட்ட அட்டைகளாக.

ஹஃப்ஸ்டெட்லர்: நாய் கடிக்காது. அவர் கடிப்பார்.
திருமதி பர்டெட்: ஜன்னலைத் தட்டு. சாப்பாட்டைவிடப் பத்து நிமிடம் முக்கியம்.
ஆறாம் தெரு, சாம்பல் வீடு: பால் பெட்டியைத் திறந்து கொடு.
கோப்பைகளைத் தொடாதே.

கடைசி வரியின் கீழே இரண்டு கோடு.

போன வாரம் சாம்பல் வீட்டில்
தட்டை வைத்தேன், பால் பெட்டியைத் திறந்தேன்.
தொட்டி நிறையக் கோப்பைகள்.
வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன், கழுவட்டுமா என்று.
"கழுவு" என்றார் கிழவர், தொலைக்காட்சியைப் பார்த்தபடி.
"அதை மட்டும் விட்டுவிடு."

எதை என்று கேட்கவில்லை.
குழாயை மூடிவிட்டு,
எல்லாவற்றையும் இருந்தபடி விட்டுவிட்டு,
அடுத்த வீட்டுக்குப் போனேன்.
மசியல் ஆறிக்கொண்டிருந்தது.