யாரோ உள்ளே நிற்கிறார்கள்

படிவம் மூன்றே கேள்விதான் கேட்டது:
எவ்வளவு, எத்தனை நாள், எதற்கு.
எங்களுக்குத் தேவை ஏழு டெராபைட்.
இருபது என்று எழுதினேன்.
எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.
கிளமெண்டி உணவங்காடியில்
ஒருத்திக்கு நான்கு நாற்காலி எதற்கு?
ஆனாலும் மேசை நடுவில்
டிஷ்யூப் பொட்டலத்தைப் போட்டுவிட்டுத்தானே
மீன் சூப் வரிசைக்குப் போகிறோம்.
அதே கை. அதே பதற்றம்.

எதற்கு என்ற கட்டத்தில்
'தவளைகள்' என்று அடித்தேன்.
அழித்துவிட்டு
'சுங்கை பூலோ சதுப்புநில ஒலிப்பதிவுகள்,
பதினான்கு மாதம், இருபத்தாறு ஒலிவாங்கிகள்' என்றேன்.
தவளைக்கு யார் இடம் தருவார்கள்?

புதன் விடிகாலை அனுமதி வந்தது.
முப்பது நாள்.
அதன்பின் தானாகத் துடைக்கப்படும் என்று
சிவப்பில் ஒரு வரி.

அந்த இடம் எங்கே என்று கேட்காதீர்கள்.
ஜூரோங் பக்கம், ஜன்னலில்லாத கட்டடம்,
குளிரூட்டியின் இரைச்சல் என்று கேள்வி.
எனக்குத் தெரிவது ஒரு பெயர் மட்டும்.
அதை ஒரு வெற்றுக் கோப்புறையின்மேல்
பொருத்தவேண்டும். ஒரே வரி.
பொருத்தியதும்
ஒன்றுமில்லாத கதவுக்குப் பின்னால்
மைதானம் விரியும்.

கோப்புறை உண்மையிலேயே வெறுமைதானா என்று
இயந்திரம் கேட்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.

பிறகு இரவெல்லாம்
அறுபத்து நான்கு கணுக்கள்
ஒரே மழையைக் கேட்டன.
மழையைக் கழி.
தெங்கா போர்விமானங்களைக் கழி.
ஜொகூர்க் கரையின் படகு மோட்டாரைக் கழி.
மிச்சத்தில் எங்கேயோ
கட்டைவிரல் நகமளவு தொண்டை ஒன்று
தன் இருப்பை அறிவித்துக்கொண்டிருந்தது.

மாலைதோறும்
புரத ஆய்வகத்துப் பெய் ஷான் கேட்பாள்:
ஐந்து கிடைக்குமா?
பார்க்கிறேன் என்பேன்.
பார்த்தால், பதின்மூன்று காலியாக இருக்கும்.
பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

முப்பதாம் நாள் இரவு பதினொன்று இருபது.
ஏழு டெராபைட் சதுப்பு
ஒன்பது வரி அட்டவணையாகச் சுருங்கி
பத்திரமான வேறு இடத்தில் இருந்தது.
கழற்று என்றேன்.
முடியாது என்றது.
இடம் பயன்பாட்டில் இருக்கிறதாம்.
யாரோ உள்ளே நிற்கிறார்கள்.

இர்ஃபான்தான் என்று நினைத்தேன்.
ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போனவன்
எதையாவது ஓடவிட்டுப் போயிருப்பான்.
அவன் பெயரில் இருந்த எல்லாவற்றையும் நிறுத்தினேன்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகக் கோபத்தோடு.
கழற்று. முடியாது.
கணு கணுவாகத் தேடினேன்.
கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது,
என் பெயர்.
நேற்று திறந்த சன்னல் ஒன்று
மற்றவற்றின் பின்னால் மறைந்து கிடந்தது.
அதற்குள் நான்,
ஒரு வேலையும் செய்யாமல்
சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு புள்ளி வைத்து
ஒரு படி வெளியே வந்தேன்.
மைதானம் சத்தமில்லாமல் போனது.

கீழே கோப்புறை வெறுமையாக இல்லை.
மூன்று கோப்புகள்.
உரியவர் பெயருக்குப் பதில் ஓர் எண்.
கணக்கை மூடிவிட்டுப் போனவர்களுக்கு
அதுதான் மிஞ்சும்.
ஒன்றைத் திறந்தேன். மலாயில் ஒரே வரி:
இங்கே ஆள் இருக்கு, செவ்வாய் வரைக்கும்.
எட்டு ஆண்டுக்கு முந்தைய ஏதோ ஒரு செவ்வாய்.
முப்பது நாள்
அந்த ஆளின் தலைமேல் என் மழை பெய்திருக்கிறது.

அழிக்க அதிகாரம் இருந்தது.
அழிக்கவில்லை.
அடுத்த முறைக்குப் பக்கத்திலேயே
வேறு கோப்புறை திறந்தேன்.
இந்தத் தடவை உள்ளே எட்டிப் பார்த்தேன்.

பெய் ஷானுக்கு எழுதினேன்:
இருபதும் காலி, எடுத்துக்கொள்.
நன்றி என்றாள், மூன்று ஆச்சரியக்குறியோடு.
பதின்மூன்று
முதல் நாளிலிருந்தே காலி என்பதை
நான் எழுதவில்லை.