வரிக்கு ஏழு டாலர்

மினசோட்டா நாளிதழில் மறைவு அறிவிப்புக்கு
வரிக்கு ஏழு டாலராம்.
"எய்னார் ஹக்காலா, எண்பத்தொன்று.
துறைமுகத் தூக்குப்பாலம், முப்பத்துநான்கு ஆண்டு.
லூத்தரன் சபை. தன்னார்வத் தீயணைப்புப் படை."
அதோடு நிறுத்தினாள் மகள்.

விட்டுப்போனது:
தாதுக்கப்பல் சங்கூதிக் கடந்தால்
அது ஏரியில் புள்ளியாகும்வரை
தொப்பியைக் கழற்றி நிற்பார்.
பிரசங்கத்தில் தூங்கிவிடுவார்;
பனி கொட்டிய ஞாயிறுகளில் மட்டும்
விடியுமுன் கோயில் படியில்
அவர் மண்வாரி கரகரக்கும்.
ஹௌகன் வீடு எரிந்த இரவில்
பூனைக்காக மறுபடி உள்ளே போனார்.
வெறுங்கையோடு வந்தார்.
அதைப் பற்றிப் பேசியதேயில்லை.

பணம் போனால் போகிறதென்று
இன்னொரு வரி சேர்த்தாள்:
"லெம்பிக்குத் தினமும்
கோட்டுப் பொத்தான் போட்டுவிட்டவர்."

பெயர்களெல்லாம் மறந்துவிட்ட லெம்பி
கதவருகே நிற்கிறாள்,
கோட்டை மாட்டிக்கொண்டு,
மோவாயைச் சற்றே உயர்த்தி.