ச்சே!

முதல் வருஷம் ஃபைனலுக்கு
வந்தவர்கள் ஒன்பது பேர்.
அதில் இருவர் ஏசிக்காக.
ஒருவர் நான் காசு கொடுத்துக் கூட்டிவந்த ஃபோட்டோகிராபர்,
பாதியிலேயே ரிசப்ஷனுக்குக் கிளம்பிவிட்டார்.

இந்த வருஷம் ஏசியை நிறுத்தி
ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டேன்.
தண்டையார்பேட்டை மார்க்கெட்டைப் பார்த்தபடி
பச்சை மேஜை.
தூசி விழும் என்றார் நடுவர்.
விழட்டும்.

விதிமுறை மூன்று பக்கம் அச்சடித்திருந்தோம்.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
மைக்கில் சொன்னேன்:
"வெள்ளைதான் ஸ்ட்ரைக்கர்,
குழியில போனா மைனஸ்.
கறுப்பு எட்டு நம்ம ரெட்டு மாதிரி,
ஆனா ஃபாலோ கிடையாது, கடைசியாத்தான் போடணும்.
முன்னாடியே விழுந்தா
கதை முடிஞ்சுது."

தண்ணி கேன் போடும் சகாயராஜ்
தோளில் கேனோடு நின்றவன்
இறக்கி வைக்க மறந்துபோனான்.
மீன் கூடைக்காரம்மா கேட்டாள்:
"இதுக்கா சம்பளம் தர்றாங்க?"
இன்னும் இல்லம்மா.

ஆறுக்கு ஆறு. மிச்சம் கறுப்பு மட்டும்.
டெல்பினா ஜடையைச் சட்டைக்குள் செருகிக் குனிந்தாள்.
"அமைதி" என்றார் நடுவர்
இங்கிலீஷில், யாருக்கோ.
வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று
தானாகவே இன்ஜினை அணைத்தது.

பந்து பக்கப் பலகையில் மோதி
மெல்லத் திரும்பி வந்து
குழியின் உதட்டில்
நின்றுவிட்டது.

ச்சே!
நாற்பது ஐம்பது வாய், ஒரே மூச்சில்.
நேற்றுவரை எட்டாம் நம்பரை அறியாத வாய்கள்.

நிமிர்ந்த டெல்பினா
என்னை முறைத்தாள்.
நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.