மீதி ஒன்பது

ஜவ்வரிசி ஆலையில்
எட்டு மணி நேரம் மாவுப்பால் தொட்டி.
பாவாடை நாடா இறுக்கும் இடத்தில்
வட்டமாய் ஒரு சிவப்பு;
ஓரம் மட்டும் உயிரோடிருக்கும்.

அம்மாப்பேட்டை மெடிக்கலில்
சீட்டு கேட்காமல் கொடுத்த டியூப்
மூணே நாளில் அமுக்கி வைத்தது.
நாலாம் வாரம்
தொடை, முதுகு, மகளின் கழுத்து.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
டியூப்பைக் குப்பையில் போட்டுவிட்டு
ரத்தம் எடுக்கச் சொன்னார். ஈரலுக்காம்.
"சோறு தின்ற கையோடு மாத்திரை.
நெஞ்செரிச்சல் மருந்து கூடவே வேண்டாம்.
அரிப்பு நின்றாலும் நிறுத்தாதே."
மகளுக்கு வேறு சீட்டு.

பன்னிரண்டாம் நாள் நின்றது.
அட்டையில் மீதி ஒன்பது
பளபளவென்று என்னைப் பார்த்தது.

மறுநாள் தொட்டிக்கு அந்தப் பக்கமிருந்து செம்மலை
பெல்ட்டை இறக்கிக் காட்டினான்:
"ஒனக்குத்தான் ஆறிடுச்சே, அதக் குடுக்கா."

போன மாதமாயிருந்தால் கொடுத்திருப்பேன்.
மஞ்சள் காமாலை கண்டவன்;
சனிக்கிழமை தவறாமல் குடிப்பவன்.

"நாளைக்கு லீவு போடு.
ஓ.பி. சீட்டு எட்டு மணிக்குள்ள வாங்கணும்."
முறைத்துக்கொண்டே தொட்டியில் இறங்கினான்.

ராத்திரி சோற்றுக்குப் பின்
மீதி எட்டு.
கொடியில் துவைத்த பாவாடை,
காலை வெயில் நாடாவில் படட்டுமென்று
உள்பக்கம் வெளியே.